கை கழுவினோம், எல்லாவற்றையும் துடைத்தோம். ஆனாலும் வீடு முழுக்கப் பரவியது. எங்கே தவறினோம்?

மழைத்துளி

வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை இரவு என் எட்டு வயது மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பரிசோதனையில் இன்ஃப்ளுயன்சா ஏ என்று வந்தது. வீட்டில் நாங்கள் ஐந்து பேர். என் மாமியாருக்கு வயது 74, பல ஆண்டுகளாக நுரையீரல் அடைப்பு நோய், பத்துப் படி ஏறினாலே இளைக்கும். அவருக்கு வந்துவிடக் கூடாது என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மணிக்கொரு முறை எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவினோம். கதவுப் பிடி, சுவிட்ச், குழாய்த் திருகு, ரிமோட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கிருமிநாசினியால் துடைத்தேன். விரல் நுனிகளில் தோல் உரிந்துவிட்டது. மகனுக்குத் தட்டும் டம்ளரும் தனி. குளிர் உள்ளே வரக் கூடாதென்று ஜன்னல்கள் அத்தனையையும் இறுக்கச் சாத்திவைத்தேன்.

பகலில் அவன் கூடத்துச் சோபாவில் படுத்திருப்பான். அத்தை ஐந்தாறு அடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். தொடவில்லை, தள்ளித்தானே இருக்கிறார் என்று எனக்கு நிம்மதி.

வியாழன் எனக்கு. வெள்ளி கணவருக்கும் மகளுக்கும். சனிக்கிழமை காலை அத்தைக்கு. ஞாயிறு இரவு அவர் ஒரு சொல் சொல்லிவிட்டு மூச்சு வாங்கி, பிறகு அடுத்த சொல்லைச் சொன்னார். ஒன்பது நாள் ஆக்சிஜனோடு மருத்துவமனையில் இருந்து திரும்பினார். முன்பெல்லாம் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். இப்போது படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகவே நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நிற்கிறார்.

அடுத்த குளிர்காலம் வரப்போகிறது. இவ்வளவு துடைத்தும் எப்படி வந்தது? எங்கே தவறினேன் என்று தெரியாமல் இரவில் தூக்கம் வரவில்லை.

இரவுப்பணி

மழைத்துளி, உங்களைத் தங்கையாக நினைத்து எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருக்கிறேன், அதில் பெரும்பகுதி நுரையீரல் வார்டில். நீங்கள் எழுதியதைப் போல் ஒரு மகளோ மருமகளோ வார்டு வாசலில் நின்று அழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அக்கறைக் குறைவால் வந்தது இல்லை இது. உங்களிடம் இருந்த அக்கறை முழுவதும் கைக்கும் கதவுப் பிடிக்கும் போய்விட்டது. மூச்சுக் காற்றுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஃப்ளுயன்சா வந்தவர் காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கிவிடுவார். தொற்றியவருக்கு அறிகுறி வர ஒன்று முதல் நான்கு நாள் ஆகும், சராசரியாக இரண்டு. திங்கள் இரவு காய்ச்சல் என்றால், ஞாயிறன்று அவன் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தபோதே வீட்டில் வைரஸ் இருந்திருக்கிறது. அந்த ஒரு நாளுக்கு நீங்கள் எந்த விதத்திலும் பொறுப்பாக முடியாது.

ஒரு கேள்வி: அத்தைக்கு அந்த ஆண்டு இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டிருந்ததா?

மழைத்துளி

இல்லை, அக்கா. அதற்கு முந்தைய ஆண்டு போட்டிருந்தார். "ஒரு முறை போட்டதுதானே" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

இரவுப்பணி

இந்த வைரஸ் தன் மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, வட கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் கோளத்துக்குச் செப்டம்பரிலும், தடுப்பூசியில் எந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. போன ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குக் காணாது. போட்டபின் உடலில் எதிர்ப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், ஊரில் காய்ச்சல் பரவத் தொடங்கியபின் ஓடுவதில் பாதிப் பயன் போய்விடும். தடுப்பூசி போட்டவருக்கும் நோய் வரலாம். வந்தாலும் மருத்துவமனைப் படுக்கை வரை போவது குறைகிறது, உங்கள் அத்தைக்கு வேண்டியது அதுதான். அவர் வயதுக்கும் நோய்க்கும் ஆர்எஸ்வி (மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) தடுப்பூசி, நிமோனியா வரவைக்கும் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். வைரஸ் காய்ச்சலின் பின்னாலேயே பாக்டீரியா நிமோனியா வந்து ஆளைச் சாய்ப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

காற்றுவழி

கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைப்பது என் தொழில். இந்த இழையைக் கண்டதும் எழுதாமல் போக மனம் வரவில்லை.

> தொடவில்லை, தள்ளித்தானே இருக்கிறார் என்று எனக்கு நிம்மதி.

இந்த நிம்மதியை உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே மருத்துவ உலகம்தான். ஆகவே உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எல்லோருக்கும் சொல்லப்பட்ட பாடம் இது: இருமினால் தெறிப்பது கனமான எச்சில் துளி, ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும், ஆகவே தள்ளி நின்று கையைக் கழுவினால் போதும். 1930களில் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் இதை அளந்து பார்த்தார். மூச்சிலும் பேச்சிலும் வெளிவருவதில் பெரும்பாலானவை மிக நுண்ணிய துளிகள், அவை விழுவதற்கு முன்பே நீர் வற்றி, உலர்ந்த துகளாகக் காற்றில் மிதக்கின்றன என்றார். பள்ளி வகுப்பறைகளில் காற்றைப் புறஊதா விளக்கால் சுத்தப்படுத்தித் தட்டம்மை பரவுவதைக் குறைத்தும் காட்டினார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு மேல் ஓர் எண் குழப்பமும் சேர்ந்துகொண்டது. 5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டது எல்லாம் "கனமான துளி", உடனே விழுந்துவிடும் என்று பாடநூல்களில் எழுதிவைத்துவிட்டார்கள். உண்மையில் 5 மைக்ரான் என்பது நுரையீரலின் அடி ஆழம் வரை இறங்கக்கூடிய துகளின் அளவு, காசநோய் ஆய்வுகளில் முக்கியமாக இருந்த எண். சட்டென்று தரையில் விழும் துளியின் அளவோ 100 மைக்ரானை ஒட்டியது. இருபது மடங்கு வித்தியாசம்! 5 மைக்ரான் துளி அசையாத காற்றில் விழுவதற்கே பல நிமிடங்கள் ஆகும். ஆள் நடமாடும் அறையில் அது விழவே வாய்ப்புக் குறைவு.

இந்தப் பிழையோடுதான் 2020இல் கொரோனாவை எதிர்கொண்டோம். அந்த ஆண்டு மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் இது காற்றின் வழிப் பரவும் நோய் இல்லை என்று திட்டவட்டமாக அறிவித்தது. அதற்குப் பதினெட்டு நாள் முன்பு, மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடற்குழுவின் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒரு கூடத்தில் பாடிப் பயிற்சி செய்தார்கள். 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். அறிகுறியோடு இருந்தவர் ஒரே ஒருவர். ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்டு மில்டன் என்ற இரு அறிவியலாளர்கள், கொரோனா காற்றின் வழியும் பரவும் என்று எழுதிய பகிரங்கக் கடிதத்தை 239 அறிவியலாளர்கள் ஆதரித்தார்கள். 2024 ஏப்ரலில்தான் அந்த நிறுவனம் விழும் துளி, மிதக்கும் நுண்துகள் (ஏரோசல்) என்ற பழைய பிரிவினையைக் கைவிட்டு, "காற்றின் வழிப் பரவல்" என்ற பொதுச் சொல்லுக்கு வந்துசேர்ந்தது. அதுவரை எத்தனை முதியோர் இல்லங்களில் கதவுப் பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வந்தது இன்ஃப்ளுயன்சா என்பதால் அதற்கே ஒரு சான்று சொல்கிறேன். 1977இல் அலாஸ்காவில் 54 பேருடன் ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்ட இயந்திரம் ஓடவில்லை. உள்ளே ஒருவருக்குக் காய்ச்சல். மூன்று நாளுக்குள் பயணிகளில் 72 விழுக்காட்டினர் படுத்துவிட்டார்கள், உள்ளே அதிக நேரம் இருந்தவர்களுக்கே அதிகம் வந்தது. அந்த விமானத்தை உங்கள் கூடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சாத்திய ஜன்னல், காய்ச்சலோடு ஒருவர், மணிக்கணக்கான நேரம்.

ஆற்றங்கரை

அப்படியானால் கை கழுவச் சொன்னதெல்லாம் வீண்தானா? மூட்டை மூட்டையாகக் கிருமிநாசினி வாங்கியவர்களில் நானும் ஒருவன். காய்கறிப் பையைக்கூட வாசலில் வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் எடுப்போம்.

இரவுப்பணி

வீண் இல்லை. காற்றுவழி ஐயா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அதைக் கேட்டுவிட்டு யாரும் சோப்பைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மேற்பரப்பு வழியாகக் கொரோனா தொற்றுவது அரிது. கிருமி பட்ட பொருளை ஒரு முறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. காய்கறிப் பையை நீங்கள் காயவைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் வைரஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கைக்குழந்தைகளுக்கு இளைப்பு வரவைக்கும் ஆர்எஸ்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் கரோலின் ஹால் என்ற அமெரிக்க மருத்துவரின் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆர்எஸ்வி வந்த குழந்தையைத் தூக்கி அணைத்து வழக்கம்போல் பார்த்துக்கொண்டவர்கள் ஏழு பேர், ஐவருக்குத் தொற்றியது. குழந்தை அறையில் இல்லாதபோது தொட்டிலையும் பொம்மைகளையும் தொட்டுவிட்டுத் தங்கள் மூக்கையும் கண்ணையும் தொட்டவர்கள் பத்துப் பேர், நால்வருக்குத் தொற்றியது. இரண்டு மீட்டர் தள்ளி வெறுமனே உட்கார்ந்திருந்தவர்கள் பதினான்கு பேர், ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்த நோயில் கை பெரிய வழி. பச்சிளம் குழந்தையைப் பார்க்க வருபவரிடம் முதலில் கையைக் கழுவுங்கள் என்று சொல்ல வெட்கப்படவே கூடாது.

சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரசுக்குக் கொழுப்புறை கிடையாது. இன்ஃப்ளுயன்சா, கொரோனா இரண்டுக்கும் உண்டு, சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடுகிறது. உறையில்லாததைக் கழுவி ஓடவிடத்தான் வேண்டும். ஆகவே இருபது விநாடி, ஓடும் நீரில், கட்டை விரலையும் நகக்கண்ணையும் விடாமல். வார்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் உள்ளங்கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார்கள், கட்டை விரலை மறந்துவிடுவார்கள்.

முதுவேனில்

எனக்கு 71 வயது. எதையும் எதிர்த்துப் பேச வரவில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் சளி பிடிக்காதா? அது போக, கிருமி கொஞ்சம் வந்து போனால்தானே உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வளரும்? எங்களையெல்லாம் யாரும் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை.

நுண்ணோக்கி

ஐயா, ஆய்வகத்தில் வைரஸ் மாதிரிகளோடு வேலை செய்பவன் நான். குளிர் தானாக வைரசை உண்டாக்குவதில்லை. குளிரில் நாம் அறைகளைச் சாத்திக்கொண்டு நெருங்கி உட்காருகிறோம், உள்ளே காற்று வறண்டுபோகிறது, இன்ஃப்ளுயன்சா வறண்ட காற்றில் அதிக நேரம் உயிர்ப்போடு இருக்கிறது. ஜன்னலைத் திறந்து நோயாளிக்கு இன்னொரு போர்வை போடுவது சாத்தி வைப்பதைவிட நல்லது.

எதிர்ப்புச் சக்தி பற்றிய உங்கள் கேள்வியை மதிக்கிறேன், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் எல்லாத் தொற்றும் உடம்பைத் தேற்றிவிட்டுப் போவதில்லை. தட்டம்மையைப் பாருங்கள். தடுப்பூசி போடாத பிள்ளைகளிடம் 2019இல் நடத்திய ஆய்வில், அந்த நோய் அதற்கு முன் அவர்கள் வேறு கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழித்துவிட்டிருந்தது. வந்து போனபின் பிள்ளை முன்பைவிட நிராயுதபாணி. நோயாளி வெளியேறி இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் தட்டம்மை வைரஸ் இருக்கும். எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். நூற்றுக்கு 95 பேருக்குத் தடுப்பூசி போட்டால்தான் அது ஊருக்குள் பரவாமல் நிற்கும்.

பரவலைத் தடுக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. இன்ஃப்ளுயன்சா பி வகையில் யமகாட்டா என்று ஒரு கிளை. ஆண்டுதோறும் தடுப்பூசியில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. 2020இல் உலகமே முகக்கவசம் போட்டு, விலகி இருந்து, பயணத்தை நிறுத்தியது. அந்த மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கிளை சமூகத்தில் உலவுவதாக உலகில் எங்குமே உறுதிப்படவில்லை. தடுப்பூசியிலிருந்து அதை எடுத்தேவிட்டார்கள். நாம் குறிவைத்தது வேறொரு வைரசை, வழியில் இது மறைந்துபோயிற்று. பரிசோதனை முடிவுத் தாள்களில் அந்தக் கிளைக்கான வரிசை ஆண்டுக்கு ஆண்டு வெறுமையாக வருவதைப் பார்க்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கும்.

முதுவேனில்

நன்றி தம்பி. யமகாட்டா செய்தி எனக்குப் புதிது. தட்டம்மை இவ்வளவு செய்யும் என்றும் தெரியாது. என் பேத்திக்கு இரண்டாம் தவணை போட்டாயிற்றா என்று இன்றே கேட்கிறேன்.

கரும்பலகை

நான் ஆசிரியை. என் வகுப்பில் 38 பிள்ளைகள். ஒருவர் இருமினால் அடுத்த வாரம் பாதி இருக்கைகள் காலி. சென்ற ஆண்டு ஒரு கார்பன் டை ஆக்சைடு மானி வாங்கி மேசை மேல் வைத்தேன், உள்ளங்கை அளவுதான். காலையில் பிள்ளைகள் வருமுன் 450. முதல் பாடம் முடிகையில் 1300. மூன்றாம் பாடத்தில் 2100 காட்டியது. பின் வரிசையில் இரண்டு பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய், துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்த மேல் ஜன்னல்கள் இரண்டையும் கொக்கியால் தட்டித் திறந்தேன். எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து வைத்தேன். பத்தே நிமிடத்தில் 900. பிள்ளைகளே இப்போது எண்ணைப் பார்த்து "டீச்சர், ஆயிரம் தாண்டிவிட்டது" என்று சொல்லி ஜன்னலைத் திறக்கிறார்கள். இந்த எண்ணுக்கும் வைரசுக்கும் உள்ள தொடர்பை யாராவது சரியாக விளக்க முடியுமா? பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

காற்றுவழி

ஆசிரியை அம்மா, நீங்கள் செய்தது அருமையான வேலை. திறந்தவெளிக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000. ஆகவே அறையில் 420க்கு மேல் ஏறியிருப்பதெல்லாம் யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய்வந்த காற்று. 800 என்றால் நீங்கள் இழுக்கும் நூறு மூச்சில் ஒன்று ஏற்கெனவே பிறர் விட்டது. 2100 என்றால் ஏறக்குறைய இருபத்து மூன்றில் ஒன்று. இதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், வேறு விளக்கமே தேவைப்படாது.

அந்த எண் கிருமியை அளப்பதில்லை. எல்லோரும் நலமாக இருக்கும் அறையிலும் அது ஏறும். காற்று வடிகட்டி ஓடும் அறையில் வைரஸ் குறைந்தாலும் எண் இறங்காது, ஏனென்றால் வடிகட்டி வாயுவைப் பிடிக்காது. காற்று மாறுகிறதா இல்லையா என்பதை மட்டும் அது காட்டும்.

இனி மழைத்துளிக்கு. அடுத்த முறை மகனுக்குக் காய்ச்சல் என்றால் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

வெளிப்புற ஜன்னல் உள்ள ஓர் அறையை அவனுக்குக் கொடுங்கள். அந்த ஜன்னலில் ஒரு மின்விசிறியை வெளியே பார்த்தபடி வையுங்கள், அறைக் காற்றை வெளியே தள்ளும்படி. சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் தள்ளிய காற்றில் ஒரு பகுதி பக்கவாட்டில் திரும்பி வந்துவிடும். அறைக் கதவைச் சாத்துங்கள். இப்போது வீட்டுக் காற்று கதவின் அடியிடுக்கு வழியாக அறைக்குள் போகும், அறைக் காற்று வீட்டுக்குள் வராது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்துக் கதவடியில் வெளிப்பக்கமாகப் பிடியுங்கள். காகிதம் உள்ளே இழுக்கப்பட்டால் சரி. வெளியே உங்களை நோக்கிப் பறந்தால் அமைப்பு தலைகீழாக இருக்கிறது, அவன் மூச்சு உங்களிடம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டின் மற்ற பகுதியில், குறிப்பாக அத்தை இருக்கும் அறையில், ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள், முடிந்தால் ஹெப்பா வடிகட்டி (நுண்துகள்களைப் பிடிக்கும் காற்று வடிகட்டி) ஓடட்டும். 2023இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மணிக்கு ஐந்து முறையாவது அறைக் காற்று மாற வேண்டும் என்று இலக்கு சொன்னது. ஒரு முறை மாறினால் பழைய காற்று முழுவதும் போய்விடாது, புதியதும் பழையதும் கலந்துகொண்டே இருப்பதால் 63 விழுக்காடுதான் போகும். 95 விழுக்காடு போக மூன்று முறை மாற வேண்டும். விலை கொடுத்து வடிகட்டி வாங்க முடியாதவர்களுக்காக ரிச்சர்டு கோர்சியும் ஜிம் ரோசென்தாலும் 2020இல் ஒரு வழி சொன்னார்கள்: நான்கு வடிகட்டித் தாள்களைப் பெட்டியாக ஒட்டி, அடியை அட்டையால் மூடி, காற்றை மேலே தள்ளும்படி ஒரு விசிறியை மேலே படுக்கவைத்துவிட்டால் போதும். நானே இரண்டு செய்திருக்கிறேன். ஒரு மணி நேர வேலை.

மழைத்துளி

ஐயா, மிக்க நன்றி. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்த மனம் வருமா?

இரவுப்பணி

தனியாக விடச் சொல்லவில்லை, தங்கை. பார்த்துக்கொள்ள ஒருவர் மட்டும் உள்ளே போங்கள், என்95 முகக்கவசத்தோடு. அத்தையைப் பார்த்துக்கொள்வது வேறொருவராக இருக்கட்டும். மகன் அறையை விட்டு வெளியே வரும்போது அவனுக்கும் முகக்கவசம்.

அலைகடல்

முகக்கவசம் என்கிறீர்கள். நானும் 2020இல் போட்டேன், எனக்கும் வந்தது. அதனால் பயனில்லை என்றே நினைக்கிறேன்.

இரவுப்பணி

எப்படிப்பட்டது, எப்படிப் போட்டீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, சகோதரரே. அறுவைச் சிகிச்சைக் கவசத்தின் இரு கன்னப் பக்கமும் இடைவெளி. மூச்சு அந்த வழியாகவே போய்வரும். என்95 என்பது வடிகட்டக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிப்பது. அதன் இழைகளில் ஏற்றிய மின்னூட்டம் துகள்களை இழுத்து ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் சோப்பு போட்டுத் துவைத்தால் அது கெட்டுவிடும். மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்திப் படியவைத்து, பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணாடி பனித்தால் மேலே ஒழுகுகிறது. தாடி இருந்தால் படியாது.

இந்த ஐயம் புதிதும் இல்லை. 1910-11இல் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. ஆனால் மூச்சு வழியாகவே பரவியது. பினாங்கில் பிறந்த வூ லியென்தே என்ற இளம் மருத்துவர் எல்லோரையும் துணிக் கவசம் கட்டச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அவரைவிட மூத்தவர், புகழ்பெற்றவர். அந்தக் கவசத்தை மதிக்காமல் வெறும் முகத்தோடு வார்டுக்குள் போனார். சில நாளில் பிளேக்கால் இறந்தார். அதன் பிறகு கவசத்தை யாரும் எள்ளவில்லை. சுமார் 60,000 உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பிளேக் சில மாதங்களில் அடங்கியது.

தனிமரம்

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறார்கள். அது நிராகரிக்கப்படாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தினமும் சாப்பிடுகிறேன். எத்தனை தடுப்பூசி போட்டாலும் என் உடலில் அது அரைகுறையாகத்தான் பிடிக்கும். நான் போட்டுக்கொள்ளும் கவசம் பாதி வேலை செய்யும். மீதிப் பாதி எனக்குப் பக்கத்தில் நின்று இருமுபவர் கையில் இருக்கிறது. காத்திருப்புக் கூடத்தில் ஒருவர் "எனக்கு லேசான சளி" என்று சொல்லி எழுந்து போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அவர் யாரென்று தெரியாது. அந்த நாளை நான் மறக்கவில்லை.

மழைத்துளி

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். இன்று மாலை மகனுக்குத் தொண்டை வலி, 101 டிகிரி. வீட்டுப் பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. கை நடுங்குகிறது. அத்தைக்கு இம்முறை தடுப்பூசி போட்டு ஆறு வாரம் ஆகிறது. விசிறியை ஜன்னலில் வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய வேண்டும்?

இரவுப்பணி

பதறாதீர்கள். முதல் நாள் "இல்லை" என்று வந்ததை நம்பிவிட வேண்டாம், 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் பேசி இன்ஃப்ளுயன்சாவுக்கும் பரிசோதியுங்கள். அதுவாக இருந்தால், ஓசெல்டாமிவிர் போன்ற மருந்து அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். வீட்டில் நுரையீரல் நோயாளி இருக்கிறார் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். அத்தைக்கு முன்கூட்டியே கொடுப்பதா என்று அவர் முடிவு செய்வார். ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள், வைரசை அது ஒன்றும் செய்யாது. அத்தையின் வழக்கமான ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்று இன்றே குறித்துவையுங்கள். அதிலிருந்து இறங்கினாலோ, பேச்சில் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காற்றுவழி

காகிதம் எந்தப் பக்கம் போகிறது?

மழைத்துளி

முதலில் வெளியே வந்தது, ஐயா. பயந்துபோனேன். பிறகுதான் கவனித்தேன், கூடத்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே இழுக்க வீட்டில் காற்று வர வழியே இல்லை. விசிறியைச் சுற்றி அட்டையும் சரியாக ஒட்டவில்லை. அட்டையை ஒட்டிவிட்டு, கூடத்து ஜன்னலை ஒரு சாண் திறந்தேன். காகிதம் சட்டென்று கதவடியில் உள்ளே ஒட்டிக்கொண்டது. இரவு பன்னிரண்டு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மழைத்துளி

ஆறாம் நாள். இன்ஃப்ளுயன்சாதான். இரண்டாம் நாளே மருந்து தொடங்கிவிட்டோம். நான் மட்டுமே உள்ளே போகிறேன். எனக்கு மூன்றாம் நாள் லேசாகத் தொண்டை கரகரத்தது, மறுநாள் போய்விட்டது. கணவருக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. மருத்துவர் சொன்னபடி அத்தைக்கும் முன்தடுப்பு மருந்து கொடுக்கிறோம். இதுவரை அவருக்கு இருமல்கூட இல்லை. தடுப்பூசியா, மருந்தா, விசிறியா, எது காப்பாற்றியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எதையும் விட்டுவிடவும் மாட்டேன்.

மாலையில் அத்தை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு உரக்கக் கதை சொல்கிறார். அவன் உள்ளேயிருந்து "அப்புறம்?" என்று கத்துகிறான். காகிதம் இன்னும் கதவடியில் படபடத்துக்கொண்டிருக்கிறது.

காய்ச்சல் நேற்றுக் காலை நின்றது. கதவை எப்போது திறக்கலாம், அக்கா?

இரவுப்பணி

காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, இருமலும் குறைந்துகொண்டு வந்தால் திறக்கலாம். அதற்குப் பிறகும் ஐந்து நாள் அத்தைக்குப் பக்கத்தில் வரும்போது அவனுக்கு முகக்கவசம், கூடத்து ஜன்னல் திறந்தபடி. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிக நாள் வைரசை வெளியேற்றுவார்கள், அதனால் மடியில் படுப்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். காய்ச்சல் மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்?

மழைத்துளி

நேற்று விடியற்காலை நான்கு மணிக்கு. இப்போது மாலை ஆறு. அப்படியானால் திறக்கலாம். அவனுக்குக் கவசம் மாட்டிவிட்டுத் திறக்கப்போகிறேன். அத்தை ஏற்கெனவே நாற்காலியை ஜன்னல் ஓரமாக நகர்த்திக்கொண்டிருக்கிறார்.